பலகையில் ஏறிய காய்ச்சல்

அன்று காலை என் நெற்றியில் பொட்டு வைத்தபோது அம்மாவின் விரலுக்குச் சூடு தெரிந்ததா, தெரியவில்லையா?

இருபது வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், ஆம்பூர் பக்கத்தில் அதே வீட்டில். நான் இருக்கும் வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்களாக இருப்பீர்கள். ஒரு கையால் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே மறுகையால் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பவர்கள். பிள்ளைக்கு இலக்கு வைத்துப் பழக்குவது எப்படி என்று நம்மில் யாராவது ஒருத்தி அடிக்கடி கேட்கிறாள், இன்னொருத்தி பதில் எழுதுகிறாள். நானும் எழுதியிருக்கிறேன். சின்னதாகத் தொடங்குங்கள், எண்ணிக்கையில் சொல்லுங்கள், கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள் என்று. அப்போது நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. போன வாரம் என் வீட்டில் நடந்ததற்குப் பிறகு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் அம்மா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனாள். பதினொரு வருடம் மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைத்தவள். அவள் சேர்ந்த காலத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள், நின்றுகொண்டு அதட்டுபவர்கள் எல்லாரும் ஆண்கள். இப்போது அவளை எழுப்பி நிற்க வைத்தார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குத்தான். அவள் பார்த்துக்கொள்ளும் தையல் லைன் ஆறு மாதமும் மாத டார்கெட்டை எடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் மிஷின்.

அந்த லைனின் தலைமாட்டில் ஒரு பலகை இருக்கும் என்று அம்மா சொல்வாள். மணிக்கு எத்தனை ஜோடி தைக்க வேண்டும், எத்தனை தைத்தார்கள், எத்தனை பாக்கி, என்ன காரணம் என்று நான்கு கட்டம். எடுத்தால் பச்சை, விட்டால் சிவப்பு. ஊசி உடைந்தது, நூல் வரவில்லை, கரண்ட் போனது என்று காரணத்தை சூப்பர்வைசர் தன் கையாலேயே எழுத வேண்டும்.

எனக்கு அந்த வருடம் கணக்கில் நாற்பத்தொன்று. அம்மா மார்க் ஷீட்டைப் பார்த்துத் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய அட்டையோடு இறங்கினாள். ஷூ டப்பாக்களை அடுக்கி அனுப்பும் பெட்டியின் அட்டை. அதற்கு மேலே பாலிதீன் தாளை இழுத்து ஒட்டி, கோடு போட்டு, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எழுதலாம். வீடு முழுக்க ஒரு வாரம் ஷூ ஒட்டும் சொல்யூஷன் நாற்றம் அடித்தது. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறவர். அவர் மேல் அடிக்கும் வாடையோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

"எண்பது வாங்கணும்னு சொன்னா அது டார்கெட் இல்ல, ஆச," என்றாள் அம்மா. "அத ஒடைக்கணும். ஒரு நாளைக்குப் பன்னண்டு கணக்கு. அஞ்சிலருந்து ஆறு வரைக்கும் நாலு, ஆறுலருந்து ஏழு வரைக்கும் நாலு, ஏழுலருந்து எட்டு வரைக்கும் நாலு. இது உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அவ்ளோதான். எண்பதப் பத்தி நெனைக்கவே நெனைக்காத. நாலப் பத்தி மட்டும் நெனை."

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடி இது, வீட்டுக்கும் லைன் போட்டுட்டியா?"

"நீ ஒரு கோடு கேளு, ஒனக்கும் போட்டுத் தர்றேன்."

"எனக்கு இன்னாத்துக்கு? தோலு ஊறுற வரைக்கும் ஊறும். அதுங்கிட்ட போயி மணிக்கு எவ்ளோன்னு கேட்டா சிரிக்கும்."

அந்த முறை வேலை செய்தது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதல் மாதத்தில் எனக்குக் கணக்கின் மேல் இருந்த பீதி போய்விட்டது. நான்கு என்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. நான்கு முடிந்ததும் பச்சை ஸ்கெட்ச் பேனாவைத் திறக்கும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஆறரைக்கு அம்மா வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பலகையைப் பார்ப்பாள். பச்சை இருந்தால் முகம் இளகும். அவள் லைனிலும் அப்போது பச்சைதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஜெயித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அம்மாவோடு ஒரு அத்தை வருவாள். சொந்தக்கார அத்தை இல்லை. கம்பெனியில் செக்கர். தைத்து வந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீடு. தினமும் தண்ணீர் குடிக்க உள்ளே வருவாள், பலகையைப் பார்த்துவிட்டு என்னைக் கிண்டல் செய்வாள்.

"உங்கம்மா டீ பிரேக்காச்சும் விடறாங்களா இல்லியா? இல்லன்னா சொல்லு, யூனியன் வெச்சிடலாம்."

எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் பின்னால் எல்லாம் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. அது நியாயமா என்றும் தோன்றுகிறது.

செப்டம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். முதல் நாள் அம்மா லீவு போட்டாள். மீதி நாள் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது பலகையில் நான்கு வரிசை சிவப்பு. பாக்கிக் கட்டத்தில் நாற்பத்தெட்டு.

"அழாத," என்றாள் அம்மா. "நாப்பத்தெட்டையும் ஒரே நாள்ல யாரு கேட்டா? நாளுக்கு நாலு ஜாஸ்தி போடு. பன்னண்டு நாள்ல தீந்துரும். கம்பெனில அப்பிடித்தான் ஏத்துவோம்."

அவள் எனக்கு ஆறுதல்தான் சொன்னாள். இதை நான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கம்பெனியில் இன்றைக்குத் தைக்காத ஜோடியை நாளைக்குத் தைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கப்பலுக்குப் போகாது. ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்த நாளை எந்தக் கப்பலும் எதிர்பார்க்கவில்லை. அது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதினாறு கணக்கில் பதிமூன்று முடிப்பேன். மூன்று பாக்கி அடுத்த நாளுக்கு ஏறும். பன்னிரண்டு நாளில் தீரவில்லை. சாயங்காலம் ஆறு மணியானதும் காது தெருப்பக்கம் போய்விடும். கம்பெனி பஸ் மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்போது அடிக்கும் ஹாரன் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் நான் ஏதாவது ஒரு கணக்கை விடையை மட்டும் பார்த்து எழுதி முடித்திருப்பேன்.

அம்மா ஒருமுறைகூட என்னை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. காரணக் கட்டத்தைக் காட்டி, "இன்னா காரணம்னு எழுது" என்பாள், அவ்வளவுதான். நான் எழுதுவேன். தலை வலித்தது. கரண்ட் போனது. கடைக்குப் போனேன். நின்று யோசித்து, நம்பும்படியான காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இன்றும் அலுவலகத்தில் ஐந்து நிமிடம் தாமதமானால், யாரும் கேட்பதற்கு முன்பே என்னிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பூ கட்டியிருந்தார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் கேள்விப்பட்டிருந்த இடம் அமைதியாக இருந்ததே பயமாக இருந்தது. அம்மா புதுப்புடவையில் தன் லைனைக் காட்டினாள். "இதான் என்னோடது," என்றாள். அப்படி அவள் வேறெதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

பலகைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் மாதக் கணக்குத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளிப்பில் தொங்கின. காற்றாடிக் காற்றில் மேல்தாள் தூக்கிக்கொண்டது. கீழே இருந்தது செப்டம்பர். வரிசையாகப் பச்சை, நடுவில் ஒரே ஒரு சிவப்பு. நானூறுக்கு முந்நூற்றுப் பத்து. காரணக் கட்டத்தில் அம்மாவின் கையெழுத்து: "சூப்பர்வைசர் லீவு. பிள்ளைக்குக் காய்ச்சல்."

செக்கர் அத்தை எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பொரியை மென்றுகொண்டே, "ஓ, அந்தக் காய்ச்சல் நீதானா?" என்றாள். "மேனேஜரு அன்னிக்கி இன்னா பேஜார் பண்ணாருன்னு உங்கம்மாவக் கேளு. ஒன் பேரு ஒண்ணுதான் எழுதல, மத்தபடி கம்பெனிக்கே தெரியும் ஒன்ன."

"சும்மா இரு, பிள்ள பயந்துக்கப் போறா," என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே.

நான் பயந்துதான் போனேன். வீட்டுப் பலகையில் நான் எழுதும் காரணங்கள் பாதி பொய். இது பொய் இல்லை. அம்மாவின் லைனில் ஊசி உடையவில்லை, நூல் தீரவில்லை. நான்தான் காரணம். திரும்பி வரும் வழியெல்லாம் எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று விரலில் எண்ணினேன். அம்மாவின் ஆறு மாதம் முடிய நவம்பர் கடைசி வரைக்கும் போக வேண்டும். அதுவரைக்கும் எனக்கு எதுவும் வரக்கூடாது. இதுவும் ஒரு இலக்குதான். அம்மா கற்றுக்கொடுத்தபடியே அதை உடைத்தேன். நவம்பரைப் பற்றி நினைக்கக்கூடாது, இன்றைக்கு மட்டும் வராமல் இருந்தால் போதும்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு திங்கட்கிழமை மாலை உடம்பு முறுக்கியது, கண்ணுக்குப் பின்னால் வலித்தது. நான் தைரியமான பிள்ளை இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் சமாளித்தேன். அலமாரியில் செப்டம்பர் காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை மீதி இருந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் அம்மா வருவதற்கு அரைமணி நேரம் முன்பு ஒன்று. காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்தேன், உடம்பு சில்லென்று இருக்கட்டும் என்று. ராத்திரி சாப்பாட்டை அப்பாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டேன். பழைய பாக்கி அதற்குள் தீர்ந்திருந்தது, அன்றன்றைக்கான பன்னிரண்டு கணக்கையும் போட்டேன். எழுத்து ஆடியது. மூன்று நாளும் பச்சை.

நான்காம் நாள், வியாழக்கிழமை, மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. அம்மா என் தலையைப் பின்னி முடித்து, என்னைத் திருப்பி, பொட்டு வைத்தாள். விரல் நெற்றியில் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கண்ணைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தாள்.

"வெந்நீர ஜாஸ்தி சூடா ஊத்திக்கினியா?" என்றாள்.

"ஆமாம்மா," என்றேன்.

அன்று நான் வெந்நீர் போடவே இல்லை. ஸ்டவ் மேல் இருந்த குண்டான் காலியாக, காய்ந்து கிடந்தது, அவளுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில். பஸ் ஹாரன் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளியில் இரண்டாம் பீரியடில் மேஜை மேல் சாய்ந்தேன். அதற்குமேல் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். டீச்சரின் கை வளையல். அப்பா வேலை பார்த்த கோலத்திலேயே, முழங்கை வரை நீலச் சாயத்தோடு வந்து நின்றது. வேலூருக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸ் ஜன்னலில் ஓடிய மழைத்தண்ணீர். அம்மா கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

டாக்டரம்மா என்னைக் கேட்டார், "எத்தன நாளா காய்ச்சல்?"

"இன்னிக்குத்தான்," என்றேன்.

"இன்னிக்கு வந்த காய்ச்சலுக்கு ரத்தத்துல பிளேட்லெட் இவ்ளோ கம்மியாவாதே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமலருந்து," என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது? குறைந்த மாத்திரையை எண்ணியிருக்கலாம். ஆடிய எழுத்தைப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் யோசித்துக் கண்டுபிடித்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்றை நம்புகிறேன்.

எட்டு நாள் இருந்தேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை ஒரு நாள் காலை அங்கே இல்லை. வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள். எட்டு நாளும் அம்மா என்னைவிட்டு நகரவில்லை. ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது அவள் லைனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பரில் அவள் மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தாள். அதைப் பற்றி என்னிடம் அவள் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. செக்கர் அத்தைதான் ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்தபடி, "உங்கம்மா தைக்கிறதுல தப்பு கண்டுபிடிக்கவே முடியல. அதான் பேஜாரா இருக்கு," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பலகை அங்கேயேதான் இருந்தது. அம்மா அதைக் கழற்றிப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரத்துணியை எடுத்து பாக்கிக் கட்டத்தை மட்டும் துடைத்தாள். அந்தக் கட்டத்தின் கோடுகளையே அழித்தாள். "இனிமே ஏத்த வேணாம். இன்னிக்கு இருக்கிறது இன்னிக்கு. போனது போச்சு," என்றாள். பிளஸ் டூ வரைக்கும் அந்தப் பலகையில்தான் படித்தேன். எண்பது வந்தது, தொண்ணூறும் வந்தது. கல்லூரி, வேலை, வேலூரில் இந்த வீடு எல்லாம் அந்த நான்கு நான்காக வந்தவைதான். அதனால் பலகையைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது போன வாரம்.

என் மகளுக்கு ஆறு வயது. பள்ளி வாசலில் தினமும் அழுவாள். என் புடவையைப் பிடித்த கையை ஆயாம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். நான் ஒரு மாதம் யோசித்து, படித்து, பயந்து பயந்து ஒரு அட்டவணை போட்டேன். முப்பது கட்டம். அழாமல் உள்ளே போனால் ஒரு நட்சத்திரம். அழுதால் கட்டம் காலி, அவ்வளவுதான். பாக்கி கிடையாது. காரணம் எழுத வேண்டாம். சிவப்பே கிடையாது. முடிவில் என்ன வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள்: கோட்டைக்குப் போய்ப் படகு பார்க்க வேண்டும், பஞ்சுமிட்டாய் இரண்டு. அம்மா செய்த தவறு எதுவும் இதில் இல்லை என்று ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

இருபத்திரண்டு நாள் நன்றாகப் போனது. முதல் வாரத்தில் மட்டும் இரண்டு கட்டம் காலி. பிறகு அவளே பையை எடுத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பி ஒரு தடவை பார்ப்பாள், அழமாட்டாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை அவளுக்குப் பொட்டு வைத்தேன். நெற்றி சுட்டது.

எனக்குத் தெரிந்தது. இதை என் கணவரிடம்கூட நான் இப்படிச் சொல்லவில்லை. விரலுக்குத் தெரிந்தது, உடனே தெரிந்தது. அன்று எனக்கு அலுவலகத்தில் முக்கியமான வேலை ஒன்றுமில்லை, லீவும் இருந்தது. ஆனால் இருபத்துமூன்று என்று மனதில் ஓடியது. இன்றைக்கு விட்டால் நாளை முதல் மறுபடியும் அழுவாளோ என்று பயந்தேன். தண்ணீர் சூடாக இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டும் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, சுடுதண்ணி" என்றாள்.

அவளுக்கு யார் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளில் இறங்கிவிட்டது. ரத்தம் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நான் இன்னும் மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொடும்போதெல்லாம் அவள், "எனக்கு நல்லாதான்மா இருக்கு" என்று முந்திக்கொண்டு சொல்கிறாள். எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். அந்த இருபத்துமூன்றாம் கட்டம் காலியாக இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்ததும் அவள் நேராக அட்டவணையின் முன்னால் போய் நின்றாள். "நான் அழவே இல்லியேம்மா, மிஸ்ஸகூடக் கேட்டுப் பாரு. ஏன் ஒட்டல?" என்கிறாள். அவள் சொல்வது சரி. நான் சொன்னதை அவள் செய்தாள். ஒட்டினால், உடம்பை மறைத்துக்கொண்டு போனதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும். ஒட்டாவிட்டால், நான் செய்த தவறுக்கு அவளிடமிருந்து பிடுங்கியதாக ஆகிவிடும். மொத்தமாகக் கிழித்துவிடலாம் என்றால், இருபது நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாளே, அது எங்கே போகும்?

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், அந்த ஒரு கட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், பிள்ளையிடம் எந்த வார்த்தையில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகிறாள். அதற்குள் தெரிந்தால் நல்லது.